சிவப்பு மட்டைப் புத்தகம்

இலுப்பைக்கடவை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, வாசிச்ச புத்தகம் எழுதிற கொப்பியில பொய் எழுதியிருக்கிறியள்," என்றாள் அவள்.

"என்ன பொய்?"

"அகதி முகாமில இருந்து வரேக்க சட்டி பானையை விட்டுட்டுப் புத்தகப் பெட்டியோட வந்தனீங்கள். மடுத் திருவிழாவுக்கு முதல் வாசிக்காததையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறதெண்டுதானே கதைச்சனாங்கள்? சிவப்பு மட்டைப் புத்தகம் வாசிச்சு முடிஞ்சுதெண்டு எழுதியிருக்கு. அதில பாதித் தாள் உப்புக்காத்துக்கு ஒட்டிக் கிடந்தது."

"அதைக் குடுக்க மனம் வரேல்லை."

"நான் கத்தியால தாளைப் பிரிச்சு வாசிச்சு முடிச்சிட்டன். அந்த வரியை வெட்டிப்போட்டு என்ர பேரில எழுதுங்கோ. புத்தகம் வீட்டில இருக்கட்டும்."

அவர் மெல்லக் கேட்டார். "முடிவு என்ன மாதிரி?"

"வாசிச்சுப் பாருங்கோ."