விடுப்புப் பார்க்க

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் இங்கிலாந்து விசாவுக்கான வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையில் அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம் இருந்தது. கூட வந்தவர் அவளுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"போற காரணம்?"

"சும்மா ஊர் விடுப்புப் பார்க்க எண்டு எழுதுங்கோ, அண்ணை."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

"பகிடி விடாதை, பிள்ளை. லண்டனிலை தமக்கைக்குச் சுகமில்லை எண்டு போடுவம்."

"அக்கா குத்துக்கல்லு மாதிரி இருக்கிறா. நான் அவவிட்டைப் போகேல்லை. யோர்க்குக்குப் போறன். ரெண்டு நாள் சுத்திப் பார்த்திட்டுத் திரும்பி வாறன்."

"அகதி ஊர் பார்க்கப் போறாள் எண்டா ஆர் நம்புவினம்? அங்கையே நிண்டிடுவாய் எண்டுதான் நினைப்பினம்."

"நினைக்கட்டும். செத்தவீடும் வருத்தமும் மட்டும்தானோ எங்களுக்குக் காரணம்? திங்கக்கிழமை எனக்கு இஞ்சை வேலை இருக்கு."

"அந்த யோர்க்கிலை அப்பிடி என்னதான் கிடக்கு?"

"ஊரைச் சுத்திப் பழைய மதில் கிடக்கு. அகதியா இஞ்சை வரேக்கை கிழக்கு பெர்லினிலையிருந்து மதிலுக்குக் கீழாலை ஓடுற ரெயிலுக்குள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டு வந்தனான். அங்கை மதிலுக்கு மேலை ஏறி நடக்கலாமாம். எழுதுங்கோ, அண்ணை."