தகப்பனின் ஊர் கேட்ட ஒன்றியம்

பெயர்: தில்லைநாதன் தர்சினி. வயது: 44. முகவரி: நோபல் பார்க், மெல்பேர்ன். தொழில்: முதியோர் இல்லப் பராமரிப்பாளர். ஆத்திரத்தில் எனக்கு ஆங்கிலம் ஒழுங்காக வராது என்பதால், மொழிபெயர்ப்பாளர் யோகா முன்னிலையில் பொலிஸ் அதிகாரிக்குத் தமிழில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணம் வேம்பன்கரையைச் சேர்ந்தவள். என் கணவர் துவான் வியட்நாம்காரர். எங்கள் ஊரவர் இங்கே நடத்தும் வேம்பன்கரை ஒன்றியத்தின் ஆண்டு விழாவுக்கு ஒன்பது வருடமாக ஆட்டிறைச்சிக் கறி சமைப்பவர் அவர்தான். கடந்த ஞாயிறும் ஒன்றியத்தின் பெயர் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு காலையிலேயே மண்டபத்துக் குசினிக்குப் போய் நாற்பது கிலோ இறைச்சி வெட்டி அடுப்பில் ஏற்றினார்.

பத்து மணிக்குப் பேச்சுப்போட்டி நடந்தது. என் மகள் மோனிகா, வயது 11, 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் தாளைப் பார்க்காமல் பேசினாள். நடுவர்கள் அவளுக்கே முதலிடம் என்று அறிவித்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு செயலாளர் இரத்தினசிங்கம் அவளுடைய விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். 'தந்தையின் ஊர்' என்ற இடத்தில் சைகோன் என்று நான் உண்மையைத்தான் எழுதியிருந்தேன். அதன் பிறகு அவர் மேடையேறி, தாளைப் பார்த்து வாசித்த சுஜீவா என்ற பிள்ளைக்கே முதல் பரிசு என்றார். மகள் மேடையிலேயே நின்றாள். அவளை இறங்கி வரச் சொல்லக்கூட ஒருவரும் இல்லை.

நான் போய்க் கேட்டேன். "தகப்பன்ர ஊர்தான் கணக்கு, தங்கச்சி. ஒன்றியத்தின்ர யாப்பு விதியில அப்பிடித்தான் கிடக்கு" என்றார்.

"என்ர மனுசன் வெட்டின இறைச்சிக்கு ஊர் கேட்டனீங்களோ, அண்ணை?" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மனிதர் இவர்.

அதன் பிறகு நான் குசினிக்குள் போய், கறிக் கிடாரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வெளியே நின்ற எங்கள் வானை நோக்கித் தள்ளினேன். துவான் ஏன் எதற்கு என்று கேட்காமல் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அப்போது செயலாளர் ஓடிவந்து, சனம் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது என்று சொல்லி, கிடாரத்தின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. கிடாரம் சரிந்து கறி அவருடைய காலில் கொட்டியது. நான் வேண்டுமென்று ஊற்றினேன் என்று அவர் கொடுத்த முறைப்பாடு பொய். ஊற்ற நினைத்திருந்தால் தலையில் ஊற்றியிருப்பேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள், தான் எந்த வரியில் பிழை விட்டாள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகச் செயலாளர் கூறியுள்ளார் என்று அதிகாரி தெரிவித்தார். அவருடைய கால் வெந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தயார். கறியை எடுத்ததற்குக் கேட்கமாட்டேன். அவரும் என் வீட்டுக்கு வந்து, எந்த வரியில் பிழை என்று என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை.

ஒப்பம்: தி. தர்சினி