நூத்தி அம்பத்தொண்ணாவது பேரு

...குடியிருக்கீங்களான்னு கேக்குறாங்க! என்னைப் பாத்து! இந்த ஊர்லதான் குடியிருக்கீங்களா மிஸ்டர் ப்ரூவிட்டுன்னு! யாரு கேக்குறது? டார்லீன். அந்தா, கம்ப்யூட்டருக்குப் பின்னால மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திவெச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான். என் கல்யாணத்துல ரெண்டு துண்டு கேக்கு வாங்கித் தின்னவ. அவளுக்குத் தெரியாதா நான் எங்க இருக்கேன்னு?

நீங்க உக்காருங்கம்மா, பெஞ்சு பொதுதானே. வேலை முடிச்சு நேரா வர்றீங்க போல, பச்சை யூனிஃபார்ம் கூட மாத்தல. நர்சா? நல்லதாப் போச்சு. என் பிரஷரைக் கொஞ்சம் பாருங்க, இப்ப இருநூறைத் தொட்டிருக்கும்.

முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், மூணு வாரம் திறந்திருக்கும், கூட்டம் இருக்காது, சொகுசா வந்து போட்டுட்டுப் போலாம்னு சொன்னாங்க. சொகுசு! வந்ததும் வராததுமா வாசல்ல ஒருத்தன் தொப்பியைக் கழட்டுங்குறான். தொப்பியில கட்சி பேரு இருக்காம். நூத்தியம்பது அடிக்குள்ள கட்சி வாசனையே வரக்கூடாதாம். கழட்டிட்டேன். மொட்டத்தலையில ஏசி காத்து ஜில்லுனு அடிக்குது. ஆனா பாருங்க, எதிர்க்கட்சிக்காரன் சர்ச் வேன்ல ஆளுங்களைக் கொண்டாந்து கொட்றான், ஆளுக்கு ஒரு டோனட்டு! அது மட்டும் வாசனை இல்லையா?... ஆங்? நாங்களும் வேன் விட்டோம், ஆமா. அது வேறங்க. அது வயசானவங்களுக்கு உதவி. நாங்க குடுத்தது வெறும் பிஸ்கட்டு.

அந்த மூணாம் நம்பர் மெஷினு இருக்கே, காலையிலேர்ந்து பேப்பரைக் கடிச்சுத் துப்புது. ரிப்பேர் பாக்க வந்தவன் எந்தக் கட்சின்னு நெனைக்கிறீங்க? நான் கேட்டுட்டேன். மொறைக்கிறான். மொறைக்கிறப்பவே தெரியலையா எந்தக் கட்சின்னு?

எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. போலாம். அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. நூத்தியம்பது அடிக்கு எல்லையா ஆரஞ்சு கூம்பு வெச்சிருக்காங்கல்ல, அதுக்கு அந்தாண்ட, மஞ்சக்குடை, மடக்கு நாற்காலி... அது என் பொண்டாட்டி. ஜெனீவா. கவுண்டி கமிஷன் தேர்தல்ல ரெண்டாம் வார்டுல நிக்கிறா. வேட்பாளரு கூம்பைத் தாண்டி உள்ள வரக்கூடாது. கூம்பைத் தாண்டாம என்னால வெளிய போக முடியாது. புரியுதுங்களா என் நெலமை? 'போய் ஓட்டுப் போட்டுட்டு ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு வா, போட்டோ எடுக்கணும்'னு சொல்லி அனுப்பினா. ஓட்டுப் போட்டவங்களுக்குத் தர்றாங்களே, பீச் பழப் படம் போட்டு, அந்த ஸ்டிக்கரு. ஒரு மணி நேரம் ஆச்சுங்க. ரெண்டு தடவை வாட்சைப் பாத்துட்டா.

போன தடவை இந்த சீட்டு நாலே நாலு ஓட்டுல போச்சு. நாலு! நாலும் கள்ள ஓட்டுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். அதான் இந்தத் தடவை விடக்கூடாதுன்னு எங்க கட்சித் தலைவர் ரஸ்ஸல் ஒரு லிஸ்ட்டு கொண்டாந்தாரு. தபாலாபீஸ்ல முகவரி மாத்திக் குடுத்தவங்க எரநூத்திப் பதினாலு பேரு. ஊரை விட்டுப் போயிட்டாங்க, ஓட்டு மட்டும் இங்க! இவங்கள்லாம் இங்க குடியில்லைன்னு வார்டுல ஓட்டு உள்ள யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், தேர்தல் போர்டு கூப்புட்டு விசாரிக்கும்னாரு. நான் பேனா எங்கன்னேன். ஜெனீவாகிட்ட சொல்லல. அவ ஆரம்பத்துலயே சொல்லிட்டா, வெண்டல், நீ எனக்கு எந்த உதவியும் பண்ணாத, அதுவே பெரிய உதவின்னு. கேட்டுட்டு சும்மா இருக்க முடியுங்களா? நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். பாருங்க, பாக்கெட்டுலயே ஒரு காப்பி வெச்சிருக்கேன்.

என்னது? டார்லீன் உங்களைத்தான் கூப்புடுறா... ரோவீனா டில்மன். நீங்கதானா? பொறுமையாப் போங்க, அவ இன்னும் பேப்பரைத் தேடிக்கிட்டுதான் இருக்கா. டில்மன்... இந்தப் பேரை எங்கயோ பாத்திருக்கேனே... உங்களையுமா நிறுத்தி வெச்சிருக்காங்க? இது மூணாவது தடவையா வர்றீங்க? கரெண்ட் பில்லு, வாடகைப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கிட்டா? அடப்பாவமே. எதுக்காம்?... மூணு மாசம் வெளி மாநிலத்துல, டென்னஸியில, ஆஸ்பத்திரி வேலை. தபாலை அங்க திருப்பி விட்டீங்க. வேலை முடிஞ்சு வந்துட்டீங்க. இவ்வளவுதானே? இதுக்கா ஒரு பொம்பளையைத் தூக்கம் இல்லாம அலைய விடுறது? எந்த வேலையத்த பய...

...ஆங். இருங்க. இந்த லிஸ்ட்டுல நாப்பத்தேழாவது பேரு நீங்க.

இல்ல, கோவப்படாதீங்க. உங்க மொகம் லிஸ்ட்டுல இல்லீங்களே! வெறும் பேருதானே இருந்துச்சு! எரநூத்திப் பதினாலு பேரை எவன் உக்காந்து படிப்பான்? நான் படிக்கல. சத்தியமாப் படிக்கல. படிச்சிருந்தா... படிச்சிருந்தா நூத்தி அம்பத்தொண்ணைப் பாத்திருப்பேன்ல. இந்தாங்க, நீங்களே பாருங்க. ப்ரூவிட், வெண்டல் ஜே. சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க. டார்லீன் சிரிச்சுட்டா.

வியாழக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. நானே சத்தியம் பண்ணிட்டதால எந்தப் பேப்பர் காட்டினாலும் அதுவரைக்கும் எனக்கு ஓட்டுக் கெடையாது. ஆட்சேபம் குடுத்தவன் ஒரு பக்கம் நிக்கணும், ஆட்சேபத்துக்கு ஆளானவன் இன்னொரு பக்கம் நிக்கணும். இந்தப் பக்கம் நின்னு நான் இங்க குடியில்லைன்னு நிரூபிக்கணும். அந்தப் பக்கம் போயி நான் இங்கதான் குடியிருக்கேன்னு நிரூபிக்கணும். நடுவுல கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாமாம்.

வாபஸ் வாங்கலாமேன்னு நானும் கேட்டேன். என் பேரை மட்டும் எடுத்துருன்னு கேட்டேன். எடுத்தா மொத்த லிஸ்ட்டும் போயிடுமாம், எல்லாம் ஒரே சத்தியத்துல இருக்காம். ரஸ்ஸல் என்னைத் தோலை உரிச்சுடுவாரு...

முகவரியை எதுக்கு மாத்துனேன்னா கேக்குறீங்க? அது... மீன்பிடி பத்திரிகை வரணும்ல. ஏரிக்கரையில ஒரு பழைய ட்ரெய்லர் வீடு இருக்கு எனக்கு, அடுத்த கவுண்டியில. ஏழு வாரம் அங்க இருந்தேன். மீன் பிடிக்க... இல்லீங்க. சரி, நீங்க நர்சு, உங்ககிட்ட மறைச்சு என்ன. இருபத்திரெண்டு வருஷமா கட்சிக்குப் போர்டு நட்டவன் நான். கூட்டம்னா நாற்காலி போட்டவன், மடிச்சவன். இந்த வார்டுக்கு வேட்பாளர் யாருன்னு சொல்ல ரஸ்ஸல் எழுந்தாரு. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு எழப்போனேன். ஜெனீவா ப்ரூவிட்டுங்குறாரு! அவளுக்கே தெரியாது. அவ அப்பதான் உருளைக்கிழங்கு சாலட்டு பரிமாறிக்கிட்டு இருந்தா. எல்லாரும் கை தட்டுறாங்க. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியை எறக்கி, தெருவே கேக்கக் கத்தினேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. எதிர்வீட்டு ஹோலிஸ் புல்லு வெட்டுற மெஷினையே நிறுத்திட்டுக் கேட்டான். அவன் யாரு தெரியுமா? தேர்தல் போர்டு மெம்பரு. அவங்க கட்சி!

அதுலதாங்க வசமா மாட்டிக்கிட்டேன். குடியிருப்புன்னா எங்க படுத்துத் தூங்குனோங்கறது இல்லையாம். போகும்போது திரும்பி வர்ற எண்ணத்தோட போனீங்களா, அதைத்தான் கேப்பாங்களாம். நாலு பேரு முன்னால, மைக்குல, ஹோலிஸ் எதிர்ல. ஜெனீவாவும் வந்து உக்காருவா. திரும்பி வந்தன்னைக்குக் கூட அவ அதைக் கேக்கல. சாப்டியான்னு மட்டும் கேட்டா.

இந்தா, டார்லீன் மறுபடியும் உங்களைக் கூப்புடுறா. போங்க போங்க. பேப்பர் சரியா இருக்காம், ஓட்டு உண்டாம்! நல்லபடியாப் போடுங்க. மூணாம் நம்பர் மெஷினு பக்கம் மட்டும் போயிடாதீங்க...

ச்சே. ஜெனீவா மூணாவது தடவை வாட்சைப் பாக்குறா. தெர்மாஸைத் தெறக்குறா. எனக்குன்னு ஒரு கப்பு மிச்சம் வெச்சிருப்பா.

ஆச்சா? அதுக்குள்ளயா? ஸ்டிக்கரு ஒட்டியாச்சா! எம்மா, தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டுமா... அந்த ஸ்டிக்கரை... ஒரு பத்து நிமிஷம்... இல்ல? சரி. சரிங்க, நியாயம்தான். யாருக்குப் போட்டீங்கன்னு கேக்கக்கூடாது, தெரியும். ஆனா காலையில வீட்டுலேர்ந்து கெளம்புறப்ப... ஜெனீவாவுக்குன்னு முடிவு பண்ணிட்டுதான் வந்தீங்களா? உங்கம்மா ஆபரேஷனுக்கு சூப்பு கொண்டாந்து குடுத்தவங்கன்னா? சரி... இப்ப? இப்பன்னு சொல்லி நிறுத்துறீங்களே, ஏங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க! கதவு... போயிட்டாங்களே.

டார்லீன், பின்வாசல் இருக்கா? தெறந்தா அலாரம் அடிக்குமா? அடிக்கும். அதானே.

ஐயையோ, அந்த நர்சு நேரா கூம்புகிட்டதான் போறாங்க. ஜெனீவாகிட்ட பேசுறாங்க. கையை ஆட்டி ஆட்டிப் பேசுறாங்க. நாப்பத்தேழு... நூத்தி அம்பத்தொண்ணு... எல்லாம் சொல்லியாச்சு. ரெண்டு பேரும் இந்த ஜன்னலையே பாக்குறாங்க. ஜெனீவா சிரிக்கிறாளா? இல்ல, சிரிக்கல. எழுந்திருக்கா. ட்ரக்குப் பக்கம் போறா. கெளம்பிட்டா... டார்லீன், அவ என்னை விட்டுட்டுக் கெளம்பிட்டா...

இல்ல. இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வர்றா. பிரிக்கிறா. அவ நாற்காலிக்குப் பக்கத்துல போடுறா. உக்காந்துட்டா. இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

டார்லீன், அந்த லிஸ்ட்டு வாபஸ் ஃபாரத்தை எடு. மொத்தமாத்தான். எரநூத்திப் பதினாலும். ரஸ்ஸலை நான் பாத்துக்குறேன்... தெரியும், அப்புறம் விசாரணை இல்ல, யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. ஆனா கேட்டிருந்தா நான் என்ன சொல்லிருப்பேன்னு ஓரத்துல எழுத எடம் இருக்கா? போகும்போது திரும்பி வர்ற எண்ணம் இல்ல. அது நெஜம், ஹோலிஸே சாட்சி. ரெண்டாம் நாள் காலையில பழக்கதோஷத்துல ரெண்டு கப்புல காப்பி ஊத்திட்டேன் பாரு, அப்பவே வந்துருச்சு.

எடம் இல்லையா? பரவால்ல. அதை நான் வெளிய போய்ச் சொல்லிக்கிறேன். என் தொப்பியைக் குடு.