இரண்டு விமானங்களில் ஒன்று

உங்கள் வெள்ளை ரொட்டி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மேஜர். மென்றால் கடவாய்க்கு வேலையே இருப்பதில்லை. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்கள். சமையல்கார அம்மாள் எங்கிருந்தோ உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் வாங்கிவந்து என் தட்டில் வைக்கிறார். நீங்களும் போருக்கு முந்தைய காலத்துப் போலிஷ் மொழியில், ‘ஐயா’ போட்டுப் பேசுகிறீர்கள். ‘தோழர்’ என்றே கேட்டு மரத்துப்போன காதுக்கு அது இதமாக இருக்கிறது.

நாளை உங்கள் மேற்கத்திய வானொலியில் போலந்து மக்களுக்காக நான் வாசிக்கப்போகும் உரையைப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும். ‘எனக்குத் துணையாகப் பறந்த லெப்டினென்ட் லுத்விக் டிரேலா என்னைச் சுட்டு வீழ்த்த முயன்றான், நான் தப்பினேன், அவன் கடலில் விழுந்தான்’ என்று வருகிறதே, அந்த இடம். முதல் நாள் நான்தான் அப்படிச் சொன்னேன், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பொறியாளர்கள் என் மிக் விமானத்தைப் பிரித்துப் பார்த்து, பீரங்கிகள் காலி என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை நீங்கள் கோபமே இல்லாமல் கேட்டீர்கள், என்னுடையது காலி என்றால் அவனுடையதில் மட்டும் குண்டு எப்படி இருந்திருக்கும் என்று.

இருக்கவில்லை. இந்த வசந்தத்தில் எங்கள் படையிலிருந்து ஒருவன் விமானத்தோடு டென்மார்க் பக்கம் பறந்துபோனான். அதிலிருந்து பயிற்சிக்குப் போகும் யாருக்கும் குண்டு தருவதில்லை. லுத்விக்கின் மனைவி யாத்விகாவுக்கும் இது தெரியும். அவள் அங்கே சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு உங்கள் வானொலியைக் கேட்பாள். அந்த வரியைக் கேட்டதும் பொய் என்று புரிந்துகொள்வாள். பிறகு, ஏன் இந்தப் பொய் என்று யோசிக்க ஆரம்பிப்பாள். நிதானமாக யோசிக்கிற பெண் அவள். அதனால்தான் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்கிறேன். காரணம் தெரியாமல் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். ஆகவே காரணத்தையும் சொல்கிறேன்.

லுத்விக்கும் நானும் விமானப் பள்ளியில் ஒரே அறையில் இருந்தவர்கள். பிறகு பால்டிக் கரையில் ஒரே தளம். ஜோடியாகப் பறக்கும்போது நான் முன்னால், அவன் எனக்குச் சற்றுப் பின்னால் வலப்பக்கம். ஆள் பெரிய உருவம். விமானி அறைக்குள் அவனைத் திணிக்கத்தான் வேண்டும். சுருதி சேராமல் பாடுவான். யாராவது கிண்டல் செய்தால், “காசு குடுத்தா கேக்குறீங்க, சும்மா இருங்கடா,” என்பான். அவனைப் பிடிக்காதவர்கள் தளத்தில் இல்லை. எனக்கும் அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்குச் செவெரின் என்று ஒரு அண்ணன். பெரியம்மா மகன். குடும்பப் பெயர் வேறு என்பதால் லுத்விக்கின் கோப்பில் அந்த உறவு பதிவாகவில்லை. போரின்போது காட்டுக்குள் ஒளிந்திருந்து ஜெர்மானியர்களோடு சண்டையிட்டவர். புதிய அரசுக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆகாது. அவர் ஊரில் தேனீ வளர்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். துப்பாக்கிகளைத் தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார். ஒரு விடுமுறையில் குடித்துவிட்டு லுத்விக் இதை என்னிடம் சொன்னான். “உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். யாத்விகாவுக்குக்கூடத் தெரியாது,” என்றான்.

அடுத்த மாதம் நான் தரையிறங்கும்போது ஓடுதளத்தைத் தாண்டிப் போய் முன்சக்கரத்தை உடைத்துவிட்டேன். தளத்தில் எங்களைக் கண்காணிக்கிற அரசியல் அதிகாரி கேப்டன் ஹைதுக் என்னைக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். சர்க்கரை அவரே போட்டார்.

“தோழர், உங்க மேல எனக்குத் தனி மரியாதை,” என்றார். “ஆனா மரியாதைய வச்சு ஒரு ஆளை ஆகாசத்துல நிறுத்திவைக்க முடியுதா, சொல்லுங்க? மேலிடத்துல கேப்பாங்க. இந்தப் பையனால நமக்கு என்ன பிரயோஜனம்னு கேப்பாங்க.”

பறப்பதைத் தவிர எனக்கு வேறு வாழ்க்கை கிடையாது. தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் இல்லை. நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அந்த ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே தேன் நன்றாக இருக்கும் என்றேன். பெட்டிகளைச் சற்று நகர்த்திப் பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர்கள் செய்தது.

செவெரினைப் பனி விழத் தொடங்கிய சமயத்தில் தூக்கிலிட்டார்கள். உறவைக் காட்டிக்கொள்ள முடியாததால் லுத்விக்கால் வெளியில் அழக்கூட முடியவில்லை. என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

“யாருடா சொல்லியிருப்பான்? நெஞ்சுல கை வச்சுச் சொல்லு, யாரா இருக்கும்?”

இருவரும் அந்த ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தோம். தபால்காரனாக இருக்கலாம் என்றேன். கோடையில் அந்தத் தபால்காரனின் வைக்கோல் கொட்டகையை யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஹைதுக் மறுபடியும் தேநீர் கொடுத்தார். “உங்க சிநேகிதர் டிரேலா இப்பல்லாம் பாடறதே இல்லையாமே. மனசுல என்னதான் வச்சிருக்காரு? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க,” என்றார்.

என் நண்பனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாட்டை விட்டுப் போய்விடுவது என்று அன்றுதான் முடிவு செய்தேன். விடுதலை, மனசாட்சி என்றெல்லாம் உரையில் எழுதியிருக்கிறார்கள். தவறில்லை. இதையும் மனசாட்சி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? அது ஓடும்போது வருகிற இரைச்சல் ஹெட்போனில் கேட்பது போலவே இருக்கிறது. யாரோ பேசப்போவதற்கு முன்னால் வருமே, அந்த இரைச்சல். சில நாட்களாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் எனக்கு அது கேட்கிறது. யாரும் பேசுவதில்லை. பேசப்போகிறவர் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். சரி, விடுங்கள், ஓடட்டும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுத்விக்கும் நானும் காளான் பறிக்கக் காட்டுக்குப் போனோம். கூடை பாதி நிறைந்தபோது அவன் குனிந்தபடியே கேட்டான்.

“எப்ப கிளம்பறே?”

“மத்தியானம் திரும்பிடலாம்.”

“அதைக் கேக்கலடா. டென்மார்க் தீவுக்கு எப்ப கிளம்பறே? வானிலைக்காரன்கிட்டப் போயி கடல்காத்து எப்படின்னு தினம் விசாரிக்கறே. நீ என்ன, மீன் பிடிக்கவா போறே?”

அவன் ஒரு காளானை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர எறிந்தான்.

“பயப்படாதே. நீ முன்னால போ, நான் உன் வால் பிடிச்சே வரேன். எப்பவும் அப்படித்தானே பறக்கறோம்?”

அவனுக்கு என்னென்ன நேரும் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். நான் மட்டும் தப்பித்துப் போனால், துணைக்குப் பறந்தவனைச் சும்மா விடமாட்டார்கள். ஏன் தடுக்கவில்லை என்று சிறையில் வைத்துக் கேட்பார்கள். அவனும் என்னோடு வந்தால் யாத்விகாவைப் பிடித்துப் போவார்கள். கைக்குழந்தையை அனாதை விடுதியில் சேர்ப்பார்கள். ஆனால் அவன் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனால் யாத்விகா ஒரு வீரனின் விதவை. வீடு பறிபோகாது, குழந்தைக்கு நல்ல பள்ளி கிடைக்கும். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அவன் குடும்பத்துக்குக் குறைந்த நஷ்டம் அதில்தான் இருந்தது. நான் இங்கே வந்த பிறகு எங்கள் நாட்டு வானொலி என்ன சொன்னது? துரோகியைத் துரத்திச் சென்று உயிர்விட்ட வீரன் என்றது. பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். நான் நினைத்தபடியேதான் நடந்தது.

விமானிகளின் ஆக்சிஜன் முகமூடிகளெல்லாம் உடை மாற்றும் அறையில் பெயர் போட்ட கொக்கிகளில் தொங்கும். முகமூடிக் குழாய் பூட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அது இல்லாவிட்டாலும் குழாய் பூட்டிக்கொள்ளும். மீட்டர் சரியாகவே காட்டும். ஆனால் ஆக்சிஜனோடு வெளிக்காற்றும் உள்ளே வரும். தாழ்வாகப் பறக்கும்வரை வித்தியாசம் தெரியாது. மேலே போகப் போகக் காற்று மெலியும்போதுதான் ஆளுக்கு ஒரு மாதிரி ஆகும். வலிக்காது, மேஜர். விமானப் பள்ளியில் எங்களை ஒரு அறைக்குள் உட்காரவைத்துக் காற்றைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். நகம் நீலமாகும், கையெழுத்துக் கோணலாகும். ஆனால் மனசு சந்தோஷமாக இருக்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். இதைவிட மென்மையான ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை சாப்பாட்டுக் கூடத்தில் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிட்டான். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் முனகலாகப் பாடினான். “இன்னிக்கா?” என்று கண்ணாலேயே கேட்டான். தலையசைத்தேன். அவன் சிரித்துவிட்டு என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டான். “அங்க போனா நிறையக் கிடைக்கும்டா, இதை நான் தின்னுக்கறேன்,” என்றான்.

கரையோரமாக உயரப் பயிற்சி. திட்டுத் திட்டாகக் கிடந்த மேகத்துக்கு மேலே ஏறினோம். வெயில் நல்ல வெயில். அவன் என் வலத்தோளுக்குப் பின்னால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தான். நான் விமான வானொலியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் அவன் பாட்டு கேட்டது. தளத்தில் பாடுகிற அதே பாட்டு. வரிகள் குழறின. பிறகு சிரித்தான். “கடலைப் பாருடா, யாரோ இஸ்திரி போட்டு வச்ச மாதிரி இருக்கு,” என்றான். அவனுடைய விமானத்தின் மூக்கு மெல்லக் கீழே சாய்ந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, வளைந்து வளைந்து, மேகத்துக்குள் போனது. அதன் பிறகு வெறும் இரைச்சல். நான் வடக்கே திரும்பி, அலையைத் தொடுகிற உயரத்துக்கு இறங்கி, உங்களுக்குத் தெரிந்த தீவில் வந்து நின்றேன். ஓடிவந்த டேனிஷ் சிப்பாய் எனக்குச் சிகரெட் கொடுத்தான். வாங்கிப் பற்றவைத்தேன்.

யாத்விகாவை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேனே, அவளுடைய எண்ணம் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி.

அவளேதான் அவனைப் போகச் சொன்னாள். அதையும் காட்டில் அவன் சொன்னான். அவளுடைய மாமாவுக்கு மீன்பிடிப் படகு இருந்தது. நாங்கள் பறக்கிற அன்றைக்கே அவளும் குழந்தையும் அதில் ஸ்வீடன் பக்கம் போய்விடுவதாக ஏற்பாடு. “அவ என்னைவிடத் தைரியசாலிடா. துணிமணிகூடக் கட்டி வச்சாச்சு,” என்றான். படகு ஏன் கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியாது. விமானம் விழுந்த செய்தி முந்திக்கொண்டிருக்கலாம்.

ஆமாம், அப்படியானால் அவளுக்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாதுதான். நீங்கள் சொல்வது சரி. அதைத் தவிர வேறொன்றையும் அவன் அன்று சொன்னான். காளான் கூடையைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

“அங்க போனதும் எனக்கு ஒரே ஒரு வேலைதான். ரகசியப் போலீஸ்லேர்ந்தே ஒருத்தன் ஓடிப்போயி ரேடியோல பேசறானாமே? அவன் கால்ல விழுந்தாவது கேப்பேன், எங்க அண்ணனை யாரு காட்டிக்கொடுத்தான்னு. பேரு தெரிஞ்சாப் போதும். நீயும் கூட இருக்கணும்டா. நீ இல்லாம எனக்கு அதைக் கேக்கத் தெம்பு வராது.”

இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவன் வருத்தப்படக் கூடாது என்று நினைத்தேன். அண்ணனையும் இழந்து, நண்பனையும் இழந்து, அந்நிய ஊரில் அவன் என்ன செய்வான்? என்னைப் பார்த்து அவன் முகம் மாறுவதை நான் கற்பனை செய்து பார்த்தேன். அந்த நிலைமை அவனுக்கு வரக் கூடாது. அவன் சாகும்போது உலகத்தில் ஒரு ஆளை முழுசாக நம்பிக்கொண்டு செத்தான். அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

இன்னும் ஒன்று. விமான வானொலியில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொன்னேன். அது சரியில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, சிரிப்பதற்கு முன்னால், ஒரு கணம் அவனுக்குத் தெளிவு வந்தது. அது பயிற்சியால் வருவது. “போகுமில், என் நகமெல்லாம் நீலமா இருக்குடா. கீழ இறங்கட்டுமா?” என்று கேட்டான். நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். அவன் மூச்சு இழுப்பது கேட்டது.

“வேண்டாம், லுத்விக். இன்னும் கொஞ்சம் மேல வா. நான் இங்கதான் இருக்கேன்,” என்றேன்.

அதட்டவில்லை, மேஜர். குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில், அன்பாகத்தான் சொன்னேன்.