ஷட்டர் இறங்கியிருந்தது

இசக்கியம்மாள் கடைத் துவரம்பருப்பில் எப்போதும் நாலு கல் கிடக்கும். அவள் சொல்லும் செய்தியும் அப்படித்தான், புடைக்காமல் எடுக்க முடியாது. ஆனால் எங்கள் சந்தில் இப்போது எல்லோரும் அவளிடம்தான் போய்க் கேட்கிறார்கள். அவளும் உப்பு நிறுத்துக்கொண்டே சொல்கிறாள்: "ஜாக்கி வழுக்கிட்டாம்லா. பய கட்டை போட மறந்துட்டான். பொசுக்குனு உயிரு போயிட்டு."

மூன்றும் தப்பு. உங்கள் ஸ்டேஷன் கோப்பிலும் ஏறக்குறைய அதையேதான் எழுதி மூடிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே வந்தேன், மேடம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உங்கள் உள்ளங்கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை, கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

என் பெயர் ஞானபாக்கியம். வயது ஐம்பத்துநாலு. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் வரும் சந்தில் கடைசிக் கட்டடம் என்னுடையது. கீழே முன்பக்கம் என் வீட்டுக்காரர் வைத்திருந்த கருவாட்டுக் கிடங்கு. அதன் பின்சுவரும் என் சமையலறைச் சுவரும் ஒன்றே. நடுவில் ஒரு கதவு உண்டு. கிடங்குக்கு மேலே என் முன்னறை. அதன் ஜன்னலில் நின்றால் சந்து முழுவதும் தெரியும். நேர் கீழே ஷட்டர்.

வீட்டுக்காரர் போனபிறகு கிடங்கை ஜெனிஷுக்கு விட்டேன். ஆமாம், இறந்துபோன அந்த மெக்கானிக்தான். மார்த்தாண்டத்துக்காரன், முப்பத்தொரு வயது. சாதா வண்டியைத் தொடமாட்டான். தரையோடு தரையாக ஊர்ந்து வருமே, ஸ்போர்ட்ஸ் கார், அதன் கியர்பாக்ஸ் மட்டும்தான் அவன் வேலை. கியர்பாக்ஸ் திக்கினால் முழுசாக மாற்று என்பார்களாம் மற்றவர்கள். இவன் திறந்து, கெட்டதை மட்டும் எடுத்துச் சரிசெய்து மூடுவான். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிகள் எங்கள் சந்தில் மஜீது பாயின் மீன்பாடி வண்டிக்குப் பின்னால் பவ்யமாக நிற்கும். வேகத்தடை வந்தால் பலகை போட்டு, சாய்த்து, பிரசவம் பார்ப்பதுபோல ஏற்றி இறக்குவார்கள். ஜன்னலில் நின்று பார்க்க எனக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

முதல் இரண்டு வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அவனுக்குப் போகும். ஒருநாள், அப்படி அந்த டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான்.

"சாதா வண்டியில ஒரு கிளட்ச்சுதான்க்கா. கியர் மாத்தும்போது ஒரு நிமிசம் பிடி விட்டுப் போகும். இதுல ரெண்டாக்கும். ஒண்ணு பிடிச்சு ஓடிட்டு இருக்கும்போதே மத்தது அடுத்த கியர எடுத்து வச்சுக்கிட்டு நிக்கும். இந்தக் கை விடும், அந்தக் கை பிடிக்கும். இடையில தொய்வே கிடையாது."

"அட, இது என்னிய மாரியே கீதே நைனா" என்றேன். ஒருத்தியிடம் ஒரு சேதி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சேதி என் வாயில் தயாராக நிற்கும் என்பது ஊரறிந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்ஜின் நின்னுப்போனா?" என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் விட்டுரும். கியர்ல போட்டு வச்சாலும் நிக்காது. நிறுத்தி வைக்க உள்ள ஒரு பூட்டு உண்டு, வேலை பார்க்கணும்னா அதையும் ஹேண்ட்பிரேக்கையும் எடுத்து விடணும். பிறகு கட்டைதான் கதி."

அந்தக் கட்டை ஒரு கன்டெய்னர் லாரி கிளீனரிடம் வாங்கியது. சக்கரத்துக்கடியில் கொடுக்கும் முக்கோண மரம். சுலபமாக உருவுவதற்கு அதில் முழ நீளத்துக்கு நைலான் கயிறு கட்டியிருந்தது. கிடங்கில் அது இல்லாமல் ஆகாது. கருவாடு அலசிய தண்ணீர் வடிவதற்காக என் வீட்டுக்காரர் தரையைப் பின்சுவர் நோக்கிச் சரிவாகப் போட்டிருந்தார்.

இன்னொரு விஷயமும் அவன் சொல்லித் தெரியும். கியர்பாக்ஸுக்கு மூளை மாதிரி ஒரு பாகம் உண்டு. ரைட்டர் ஐயா, அதன் இங்கிலீஷ் பெயரை மூன்று தடவை அடித்து எழுதுகிறீர்கள், மூளை என்றே எழுதுங்கள், போதும். அதன் துவாரங்கள் தலைமுடி அளவு. ஒரு தூசி போனால் கெட்டது. நம் பக்கத்துக் காற்றைத்தான் தெரியுமே, எண்ணூர்ச் சாம்பல் பாதி, லாரிப் புழுதி பாதி. ஆகவே மூளையைத் திறக்கும் நாளில் ஷட்டரை இறக்கிவிடுவான், மின்விசிறியை நிறுத்துவான், தரையில் தண்ணீர் தெளிப்பான். பட்டப்பகலில் ஷட்டர் இறங்கியிருந்தால் உள்ளே மூளை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மஞ்சள் வண்டிக்காரி ஃபரா டாக்டர். கீழ்ப்பாக்கத்தில் இருந்து வருவாள். வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டாள், உள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு பிரியம், வண்டிமேல்தான்.

ஜெனிஷுக்கு பெர்சிஸ் என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். தண்டையார்ப்பேட்டைப் பெண், பாரிமுனையில் கிளியரிங் ஆபீசில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு தேடும்போது அவள் அம்மா என்னிடம், "மாப்ள எப்டிக்கா, நல்ல மாரியா?" என்று கேட்டாள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

"தங்கமான புள்ள. புதங்கெயம பூரா மஞ்சா வண்டி டாக்டரம்மா உள்ள இருந்தாங்க, ஷட்டரு எறங்கிக்கீது. உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கு இன்னாமா தெரியும்?"

இதுதான் நான் சொன்னது. இதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. கல்யாணம் நின்றுபோனது.

ஒரு மாதம் கழித்து அவன் என் சமையலறைக் கதவைத் தட்டினான். பெர்சிஸ் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சண்டை போடுவான் என்று நினைத்து நானும் தயாராக நின்றேன். குரலே உயரவில்லை.

"நீங்க சொன்னதுல ஒண்ணும் பொய்யில்லக்கா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான். "ஃபரா டாக்டரையும் அவங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு பாஸ்டர்ட்ட போய், எல்லார் முன்னயும் வச்சுப் பேசலாம்னு இருந்தேன். வேண்டாம். நீங்க ஒண்ணு செஞ்சாப் போதும். மேல ஜன்னல சாத்தி வச்சுக்கிடுங்க. கிடங்குக்குள்ள இனி என்ன நடந்தாலும் நீங்க பார்க்கவும் இல்ல, கேக்கவும் இல்ல, யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவனே வந்து ஜன்னல் பலகைக் கதவைச் சாத்தி, திறக்க முடியாதபடி சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டித் தந்தான். தூசி வராது என்று சந்தில் சொன்னான். எல்லோரும், "ஜெனிஷுக்கு எவ்ளோ நல்ல மனசு பாரு" என்றார்கள்.

மேடம், பத்து வாரம். நீங்கள் யாரையாவது லாக்கப்பில் பத்து வாரம் வைத்திருக்கிறீர்களா? அவனுக்காவது கம்பி வழியாகத் தெரியும். எனக்குச் சத்தம் மட்டும் வந்தது, எந்த வீட்டிலிருந்து என்று தெரியாது. ஒருநாள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தது, யாருக்கென்று அறிய சாயங்காலம் வரை காத்திருந்தேன். கீழே இறங்கிப் போனாலும் வாயைத் திறக்க முடியாது. ஒரு வார்த்தை தவறினால் பாஸ்டரிடம் பஞ்சாயத்து. மஜீது பாய் பல்செட் கட்டியதை எனக்கு இசக்கியம்மாள் வீட்டுக்கு வந்து சொல்கிறாள். எனக்கு! "உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று அவள் கேட்டபோது அவள் முகத்தில் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த வாரம் அவள் வரவும் இல்லை. யாரும் வரவில்லை. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவள் வாசலில் யார் நிற்பார்கள்?

போன மாதம் அந்தப் புதன்கிழமை. மஞ்சள் வண்டி முந்தின நாளே வந்துவிட்டது, இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வெட்டுகிறதாம். டாக்டருக்கு அன்று ஏதோ ஆபரேஷன், மாலைதான் வருவாள். பதினொன்றரைக்கு ஜெனிஷ் நடுக்கதவைத் தட்டி, தரை நனைக்கத் தண்ணீர் கேட்டான். முகம் பளபளவென்று இருந்தது.

"பெர்சிஸ் வீட்டுல சம்மதிச்சிட்டாங்கக்கா. டாக்டரே போய்ப் பேசியிருக்காங்க. மே மாசம் கல்யாணம்."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். நான் உடைத்தது ஒட்டிவிட்டது, கணக்கு தீர்ந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"அப்ப நான் ஜன்னல தொறந்துக்கலாமா தம்பி?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு அல்ல, நல்ல சிரிப்பு. "வேண்டாம்க்கா. அப்படியே இருக்கட்டும். பழகியிருக்கும்லா."

அப்படிச் சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்தான். அந்த வண்டிக்கு இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பின்பக்கம். ஷட்டர் இடுக்கில் நுழையும் தூசிக்கு எட்டாதபடி பின்பக்கத்தை எப்போதும் சுவர்ப் பக்கமாகத்தான் நிறுத்துவான். முதுகுக்குச் சுவர், முகத்துக்கு வண்டி, நடுவில் மூன்றடி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டான்.

நான் தண்ணீர் தெளித்தேன். கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்சக்கரம் வரை ஒழுங்காகத் தெளித்தேன். முன்சக்கரத்துக் கட்டையின் கயிறு என் காலடியில் கிடந்தது. ஜாக்கி எதுவும் வைக்கவில்லை, மேடம். கட்டை போட அவன் மறக்கவும் இல்லை. நான் கயிற்றை இழுத்தேன்.

வண்டி சத்தமே போடவில்லை. யாரோ பெருமூச்சு விட்டதுபோல நகர்ந்தது. "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டான். கட்டையை அது வழக்கமாகத் தொங்கும் ஆணியில் மாட்டினேன். அதைப் பார்த்துத்தான் மறந்துவிட்டான் என்று நீங்கள் எழுதினீர்கள். தரையில் கிடந்ததால் கயிறு நனைந்திருந்ததை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் தாழ்போட்டேன்.

பொசுக்கென்று போகவில்லை. நெஞ்சு அழுந்தியதால் கத்த முடியவில்லை போலிருக்கிறது. ஸ்பானரால் சுவரைத் தட்டினான். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. என் அடுப்புக்கு நேர் பின்னால். அன்று காரப்பொடி மீன் வாங்கியிருந்தேன், பொடி மீன் ஆய நேரம் பிடிக்கும். ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே என்ன நடந்தாலும் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று அவன்தானே வாக்கு வாங்கியிருந்தான். பத்து வாரம் காப்பாற்றியதை அன்றைக்கு மட்டும் மீறுவானேன்?

பன்னிரண்டரை வாக்கில் பக்கவாசல் மணி அடித்தது. பெர்சிஸ். ஆபீசில் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். கையில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்று, தங்க எழுத்து. என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, ஜெனிஷ் போன் எடுக்க மாட்றாரு. உள்ள இருக்காரா?"

"இருக்காரும்மா. ஷட்டரு எறங்கிக்கீது பாரு."

சந்து முனையில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, பீப் பீப் என்று. அது நின்றதும் அவள் தலையைச் சாய்த்தாள்.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதே?"

"ஸ்பானர் சத்தம்மா."

இறங்கியிருந்த ஷட்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மஞ்சள் வண்டியா உள்ள?" என்றாள்.

"ஆமாம்மா, மஞ்சா வண்டிதான்."

பத்திரிகையை மடிக்காமல் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டாள். அவளை மறுபடி நான் பார்த்தது ஜெனிஷை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில்தான். தட்டல் அதற்குப் பிறகும் சிறிது நேரம் இருந்தது. நின்றபிறகு மேலே போய் ரப்பர் பட்டையைக் கத்தியால் கிழித்து, ஜன்னலைத் திறந்தேன். நல்ல காற்று.

இதுதான் நடந்தது, ரைட்டர் ஐயா, இப்படியே எழுதுங்கள். கயிற்றை இழுத்தது நான். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் பெர்சிஸ் மூன்று கேள்வி கேட்டாள், மூன்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வாயிலிருந்து வரும் செய்தியில் கல் இருக்காது.