பிரவீனாவுக்கு நான் எழுதிய ஆணை

கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனால் சுங்குவார்சத்திரம் டீக்கடைகளில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்தக் கோட்டை யார் போடலாம் என்று சட்டம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன், அதை வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

இருபத்திரண்டு வருடம் வக்கீல் திருநாராயணனிடம் குமாஸ்தாவாக இருந்தேன். மனுவை நான் எழுதுவேன். அவர் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். அவர் இறந்ததும் அதே அறையில் என் பெயரில் போர்டு மாட்டினேன். கோதண்டராமன், வழக்கறிஞர். நான்கு வருடம் கோர்ட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. புதிதாக வந்த மாஜிஸ்திரேட் அம்மா ஒருநாள் பதிவு எண்ணைக் கேட்டார். நினைவில்லை என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் கோர்ட் படி ஏறவில்லை. போர்டைக் கழற்றவும் இல்லை.

அப்போதுதான் பிரவீனா வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. புருஷன் மணிகண்டபிரபு அடித்ததில் இடது காது கேட்காது. சேரப்பணஞ்சேரியில் தனியாக வீடு பிடித்தாள். அங்கேயும் வந்து கதவை உடைத்தான். பயந்துபோய் ஹாஸ்டலில் ஒளிந்திருந்தாள். அவன் அவளை நெருங்கக் கூடாதென்று கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை வாங்க வேண்டும். சாதாரண மனுதான். வேறு வக்கீலிடம் அனுப்பியிருக்கலாம். ஏன் நீங்களே வரவில்லை என்று கேட்டிருப்பாள். அவள் என்னை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ லீவு போட்டு அலையாதம்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஆணையைக் கொடுத்தேன். நானே டைப் செய்தது. முத்திரையும் நான் செய்வித்ததுதான். பிரிவு, உட்பிரிவு, ஒன்றிலும் பிழை கிடையாது.

"இது இருந்தா அந்தாளு வூட்டாண்ட வர முடியாதுல்ல சார்?"

"வந்தா இதைக் காட்டு. மீறினா ஜெயில்தான்."

காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாளே ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு போன் வந்தது.

"சார், தெரு முனைல நின்னுகினு கீறான். போலீசுக்குப் போன் போடட்டா?"

போலீஸ் வந்தால் ஆணையை வாங்கிப் பார்ப்பார்கள். கோர்ட்டில் விசாரிப்பார்கள். அதை யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"வேணாம்மா. கதவைத் தொறந்து ஆர்டரைக் காட்டு. தொட மாட்டான்."

"பயமா கீது சார்."

"வக்கீல் நான் சொல்றேன்ல."

திறந்தாள். போனை அவள் துண்டிக்கவில்லை. அவள் அவனுக்கு ஆணையை வாசித்துக் காட்டியது கேட்டது. நான் எழுதிய வாக்கியங்கள். இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. மற்ற சத்தங்களையும் கேட்டேன், அவள் குரல் நிற்கும்வரை. பிறகு போனை வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

உரிமம் இல்லாமல் தொழில் செய்ததற்கு ஆறு மாதம். போலி முத்திரைக்குச் சில வருடம். கதவைத் திறக்கச் சொன்னதற்கு என்ன பிரிவு என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தேடுங்கள். சொன்னது நான்தான்.

கட்சிக்காரரைக் கைவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் போனை முதல் மணியிலேயே எடுத்தேன். உரிமம் உள்ளவர்களில் எத்தனை பேர் எடுப்பார்கள்?