ஒரே ஒரு புத்தகம் பாக்கி

விசிலை வாயிலும் கடிகாரத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு, மாயவனுக்கு ஏழே நிமிடம் என்று ஆணையிட்டு அமர்ந்திருக்கும் கூட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற சுபேதார் மாதவராஜ் அவர்களே! வத்தல்மலையிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! மழை வந்தால் கலைந்துவிடலாம் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபத் தம்பிகளே! ஆட்சியர் அலுவலக வாசலில் முப்பது ஆண்டுகளாக மனு எழுதும் இந்த மாயவனின் மனமார்ந்த வணக்கம்.

பர்மாவின் இராணுவ ஆட்சியை எதிர்த்துக் கூட்டம். அதற்கு இராணுவத்தார் தலைமை. ஏன் சிரிக்கிறீர்கள்? இண்டூர்க்காரர்களை வரிசையாக உட்கார வைக்க வேறு யாரால் முடியும்?

இதோ, மேடையோரம் அமர்ந்திருக்கிறாளே தேவிப்பிரியா, பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். தன் தாயோடு என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் பாதியில் அவள் பள்ளிக்குள் படை புகுந்தது. வகுப்பறை படுக்கையறை ஆயிற்று. பெஞ்சு விறகாயிற்று. நூலகம் நெருப்பாயிற்று. கையில் இருந்த நூலகத்து இயற்பியல் புத்தகத்தோடு ஓடி வந்தவள், இங்கே ஒரு பள்ளியில் சேரப் போனாள்.

அலுவலகத்தில் டிசி கேட்டார்கள். பள்ளிக்கூடமே இல்லை என்றாள். அப்போது அங்கே சொன்னார்கள் பாருங்கள்: "பள்ளிக்கூடம் இல்லேன்னு அந்தப் பள்ளிக்கூடத்துலயே எழுதி வாங்கிட்டு வாம்மா."

விடுவேனா நான்? எழுதினேன்! அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று முறைப்படி எழுதினேன். யாருக்கு? அந்தப் பள்ளியில் படுத்துறங்கும் படைத்தளபதிக்கு! கைப்பழக்கத்தில் கடைசியில் 'நகல்: மாவட்ட ஆட்சியர், தருமபுரி' என்றும் போட்டுவிட்டேன். தலைவர் அதை ஆங்கிலமாக்கினார்.

பதில் வந்தது, பெருமக்களே! ஊரெல்லாம் கேட்டும் வாய் திறக்காத படை, தருமபுரி ஆட்சியருக்கு நகல் போனதாம் என்று பயந்து பதில் போட்டது! என்ன பதில்? பள்ளி சிறப்பாக நடக்கிறது. மாணவர் எண்ணிக்கை பூஜ்யம். மாணவி சீருடையில் நேரில் வரவும். நூலகப் புத்தகம் ஒன்று பாக்கி. திருப்பித் தந்தால்தான் சான்றிதழ்.

எரித்தது யார்? அவர்கள். எண்ணுவது யார்? அவர்களே! ஆயிரம் புத்தகத்தைக் கொளுத்தியவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரு புத்தகம் எதற்கு? என்ன ஆத்தா சொல்கிறீர்கள்? "அதையுங் கொளுத்தத்தானுங்க" என்கிறீர்களா? சபையில் எனக்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் எனக்கு அன்று அது தோன்றவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன். புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம், டிசி வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். முப்பது ஆண்டு மனு எழுதிய புத்தி அப்படித்தான் போகும். பாக்கிங் கவர்கூட வாங்கி வந்துவிட்டேன்.

தேவிப்பிரியா புத்தகத்தைத் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கடைசி மூணு பாடம் எங்களுக்கு நடத்தலைங்க மாமா. படிச்சு முடிச்சுட்டு நானே கொண்டாந்து தர்றேன்னு எழுதுங்க. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தைத் திறந்து வெக்கச் சொல்லுங்க. வாங்கி வெக்க எங்க டீச்சரும் அங்க இருக்கணும்."

எத்தனையோ பேருக்கு எழுதிய கை அன்று எழுதவில்லை. அழுதுவிட்டேன்.

சேர்க்கை நாளையோடு முடிகிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள், இங்கே டிசி கேட்ட அந்தப் பள்ளி வாசலில் நிற்பாள். டிசி எங்கே என்பார்கள். மூன்று பாடம் பாக்கியிருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டுவாள். அவள் தனியாக நிற்கலாமா? நிற்க விடலாமா? நீங்கள் வருவீர்களா?

தலைவர் விசிலை எடுத்துவிட்டார். ஐயா, இங்கே ஊதாதீர்கள். நாளை பள்ளி வாசலில் ஊதுங்கள். இந்த ஊரே அவள் பின்னால் வரிசையில் நிற்கும்.

நிமிடங்கள் தந்த தலைவருக்கும், நெஞ்சைத் தந்த உங்களுக்கும் நன்றி. நாளை ஒன்பது மணிக்குச் சந்திப்போம். வணக்கம்!